கணிப்பொறி மொழியில் உடனமைந்த கணிதச் சார்புகளும் மாறிலிகளும்

ஒரு மொழியைக் கற்பார் முதற்கண் அதன் சொற்களையே கற்கின்றனர். அச்சொற்களுள் தாமே ஆக்கிக்கொள்ள வேண்டுவன சில. மொழி முன்னரே ஆக்கி வைத்திருப்பன பல. கணிப்பொறிக்கு ஆணை எழுதுதற்கென வகுக்கப்பட்ட செயற்கை மொழிகளுக்கும் இஃது ஒக்கும். வர்க்கமூலம் காணல், கோணத்தின் சைன் காணல், மடக்கை காணல் முதலிய தொழில்களையும், வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமாகிய பை போன்ற நிலைத்த எண்களையும் அம்மொழிகள் தம்முள் அமைத்து வைத்துள்ளன. ஓர் எண்ணை ஏற்று அதற்குரிய விடையைத் தருவதனைச் சார்பு என்றும், என்றும் ஒருநிலையில் நிற்கும் எண்ணை மாறிலி என்றும் நம் பள்ளிக் கணித நூல்கள் வழங்குகின்றன. அப்பெயர்களையே நாமும் இக்கட்டுரையில் ஆளுகின்றோம்.

தமிழாய்வு ஏட்டில் இப்பொருள் இடம்பெறுதல் என்னை என வினவுவார் இருக்கலாம். காரணம் இரண்டு. நூல்களின் எழுத்துப் பயிற்சியையும் சொற்பயிற்சியையும் கணிப்பொறி கொண்டு எண்ணுதல் இன்று தமிழ் மாணவரிடையே பரவிவிட்டது. எண்ணிய பின் விகிதமும் மடக்கையும் காண்கின்றனர். காணுங்கால் சார்பின் பெயரை நம்புகின்றனரேயன்றி அதன் பொருளை உசாவுவதில்லை. அதனால் விளைந்த தவறு ஒன்றினைப் பின்னர்க் கூறுவோம். மற்றொரு காரணம், இச்சார்புகளின் பெயர்களே சொல்லாராய்ச்சிக்கு உரியனவாக இருத்தல். அவற்றுள் ஒன்று வில்லின் நாணிலிருந்து பிறந்தது.

கணிப்பொறி மொழிகள் மிகப் பல. எல்லாவற்றையும் ஒருங்கே கூறப் புகின் கட்டுரை பெருகும். ஆதலின் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஆய்வு நிலையம் ஒன்றில் பணியாற்றிய கீடோ வான் ராசம் என்பார் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட பைதான் மொழியையே சான்றாகக் கொள்கின்றோம். இன்று மாணவர் பெரிதும் பயில்வது அதுவே. அம்மொழி ஆங்கில எழுத்தால் எழுதப்படுவது. ஈண்டு அதன் சொற்களை ஒலிபெயர்த்துத் தருவோம். எழுதுங்கால் அவற்றை ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டும் என்பதனைப் படிப்போர் நினைவிற் கொள்க.

பைதானில் கணிதச் சார்புகள் ‘மேத்’ என்னும் தொகுதியுள் வைக்கப்பட்டுள்ளன. நிரலின் தொடக்கத்தில் ‘இம்போர்ட் மேத்’ என எழுதினால் அத்தொகுதி நமக்கு வயமாகும். அதன்பின் தொகுதியின் பெயர், ஒரு புள்ளி, சார்பின் பெயர், அடைப்புக்குறியுள் எண் என்ற முறையில் எழுதுதல் வேண்டும். மேத்.எஸ்க்யூஆர்டி(2) என்று எழுதினால் 2-இன் வர்க்கமூலமாகிய 1.4142135623730951 கிடைக்கும். மாறிலிக்கு அடைப்புக்குறி வேண்டா, மேத்.பை என்றாலே போதும், 3.141592653589793 வரும். சார்புக்கு அடைப்புக்குறி இடாது விடின் கணிப்பொறி பிழை கூறுவதில்லை; விடையும் தருவதில்லை. இச்சொல் ஒரு சார்பின் பெயர் என்று மட்டும் அறிவிக்கும். இதனை மாணவர்க்கு விளக்கும்போது நாம் இலக்கணத்தைத் துணைக்கொள்வதுண்டு. அடைப்புக்குறி இல்லாத பெயர் ‘நடத்தல்’ என்னும் தொழிற்பெயர் போல்வது. அடைப்புக்குறி பெற்ற பெயர் ‘நடந்தான்’ என்னும் வினைமுற்றுப் போல்வது. முன்னது தொழிலைப் பெயரால் சுட்டும். பின்னது தொழில் நிகழ்ந்தமையைக் காட்டும். உவமை முழுதும் பொருந்தாது எனினும் பயன் தருகின்றது.

இலக்கணத்தோடு இன்னும் நெருங்கிய செய்தி ஒன்று பழைய ஃபோர்ட்ரான் மொழியில் உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தார் 704 என்னும் தம் கணிப்பொறிக்கென ஜான் பாக்கஸ் தலைமையில் ஆக்கிய அம்மொழியின் கையேடு 1956 அக்டோபரில் வெளிவந்தது. சார்பின் பெயர் நான்கு முதல் ஏழு எழுத்துக்களால் ஆகவேண்டும், அதன் இறுதி எழுத்து ‘எஃப்’ ஆதல் வேண்டும், விடை முழு எண்ணாயின் முதலெழுத்து ‘எக்ஸ்’ ஆதல் வேண்டும் என்பன அதன் விதிகள். குறியை நீக்கி எண்ணின் அளவை மட்டும் தரும் சார்பு, ‘ஏபிஎஸ்எஃப்’ எனவும் முழு எண்ணாயின் ‘எக்ஸ்ஏபிஎஸ்எஃப்’ எனவும் இருவடிவு பெற்றது. ‘எஃப்’ என்னும் விகுதியால் சொல்லின் வகை அறியப்பட்டது; ‘எக்ஸ்’ என்னும் முன்னொட்டால் விடையின் இயல்பு அறியப்பட்டது. பின்வந்த ஃபோர்ட்ரான் வழக்குகளில் அவ்விகுதி வீழ்ந்தது. அடைப்புக்குறியே சார்பினைக் காட்டப் போதும் எனக் கண்டனர் போலும். அக்கையேடு சார்புகளை உடனமைந்தவை என்றும் நூலகச் சார்புகள் என்றும் வேறுபிரித்துப் பேசும். முன்னவை எத்துணை முறை எழுதப்படினும் அத்துணை இடத்தும் ஆணைகளாக விரிந்து இடையே புகுவன. பின்னவை ஓரிடத்தே நின்று வேண்டும்போது அழைக்கப்படுவன. இன்று ‘உடனமைந்த சார்பு’ என்னும் தொடர் இவ்விரண்டையும் தழுவிப் பொதுப்பட வழங்குகின்றது.

இனி மாறிலிகளை நோக்குவோம். மேத் தொகுதியுள் ஐந்து மாறிலிகள் உள்ளன: பை, இ, டாவ், முடிவிலி, எண்ணல்லாதது. முடிவிலியும் எண்ணல்லாததும் 2015இல் வந்த 3.5ஆம் பதிப்பிலும், பையின் இருமடங்காகிய டாவ் 2016இல் வந்த 3.6ஆம் பதிப்பிலும் சேர்ந்தன. பை என்னும் கிரேக்க எழுத்தை இவ்விகிதத்துக்கு 1706இல் ஆண்டவர் வில்லியம் ஜோன்ஸ். சுற்றளவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் முதலெழுத்து அது. ஆதலின் நன்னூலார் நெறியில் அதனைக் காரணப்பெயர் எனலாம். இயல்மடக்கையின் அடியாகிய 2.718281828459045 என்னும் எண்ணுக்கு ‘இ’ என்னும் எழுத்தை வழக்காக்கியவர் ஆய்லர். 1736இல் அச்சான தம் மெக்கானிக்கா என்னும் நூலிலும் அதனை ஆண்டுள்ளார். அவ்வெழுத்தைத் தேர்ந்ததன் காரணம் ஒருதலையாகத் துணியப்படவில்லை. ஆகவே அதனை இடுகுறி என்று கொள்ளுதலே சால்புடையது.

மாறிலி என்று பெயர் பெற்றது மாறாது என்றே யாரும் எண்ணுவர். பைதானில் அவ்வெண்ணம் பொய்க்கும். மேத்.பை = 3 என்று ஒருவர் எழுதினால் மொழி தடுப்பதில்லை; அந்நிரல் ஓடி முடியுமளவும் மேத்.பை மூன்றாகவே நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அம்மாற்றம் நிகழாது. ஆனால் இயல்பான நிலையில் அம்மொழி தடுத்ததனை வாய்திறந்து கூறுவதுமில்லை. ஆணையைக் கேளாதது போல் மேற்செல்லும். இரண்டனுள் எது தீது என்பது வழக்காடுதற்குரியது. இதனினும் மிகுதியாக மாணவர் இடர்ப்படும் இடம் வேறு. தொகுதியில் உள்ளன அனைத்தையும் முன்னொட்டின்றி ஒருசேரக் கொணரும் வழியும் பைதானில் உண்டு. அவ்வழியிற் கொணர்ந்தபின், ‘இ’ என்னும் பெயரை எழுத்தின் எண்ணிக்கைக்கோ வேறொன்றற்கோ இட்டுவிட்டால் மாறிலி மறைந்துபோம். புள்ளியும் முன்னொட்டும் எழுதும் சிறு உழைப்பைத் தவிர்க்கப் புகுந்து பெயர் மயக்கத்தை விலைக்கு வாங்குதல் வேண்டா என்பது நம் கருத்து.

பையின் மதிப்பைத் தாமே 3.14 என்றோ 22/7 என்றோ எழுதிக்கொள்வாரும் உளர். கையளவுக் கணக்குக்கு அது போதும். ஆயினும் நிரலில் ஓரிடத்தில் 3.14 என்றும் பிறிதோரிடத்தில் 3.1416 என்றும் எழுதி, இரண்டும் ஒன்றே என நம்பி விடைகளை ஒப்பிடுதல் நேர்கின்றது. ஃபோர்ட்ரான் மொழியில் பை என்னும் மாறிலி உடனமைக்கப்படவில்லை. ஆதலின் அம்மொழியார் 1-இன் எதிர்த்தாஞ்சென்டை நான்கால் பெருக்கி அதனைப் பெறுவது வழக்கம். தாஞ்சென்ட் ஒன்றாக உள்ள கோணம் பையின் கால்பகுதி ஆதலின் இஃது அமையும். 1-இன் எதிர்த்தாஞ்சென்டைத் தொடராக விரித்தால் 1, கழித்தல் 1/3, கூட்டல் 1/5, கழித்தல் 1/7 என்று செல்லும். அத்தொடரைப் பதினான்கு, பதினைந்தாம் நூற்றாண்டுகளில் கேரளத்தில் வாழ்ந்த சங்கமகிராம மாதவன் அறிந்திருந்தார் என்பதனை அவர் வழியினர் நூல்களால் அறிகின்றோம். ஆயின் இத்தொடர் மிக மெல்ல நெருங்குவது. கணிப்பொறிகள் அதனை அவ்வாறே கூட்டிப் பையைக் காண்பதில்லை.

இனிக் கூறப்போவது இப்பொருளின் உயிர்நிலை. பையின் சைன் சுழி என்பது கணிதம். மேத்.சின்(மேத்.பை) என்று எழுதிப் பார்ப்பார்க்குச் சுழி வருவதில்லை. 1.2246467991473532 என்பதனைப் பத்தின் 16ஆம் அடுக்கால் வகுத்தால் வரும் நுண்ணிய எண்ணே வருகின்றது. முதன்முறை காண்பவர் கணிப்பொறி பிழைபட்டது என்கின்றனர். பிழை எங்கே என்று நாடுவோம். கணிப்பொறி ஓர் எண்ணை இரும முறையில் 53 இலக்க நுட்பத்துடன் வைத்துக்கொள்கின்றது. இம்முறை 1985இல் வெளியான 754 எண்ணுள்ள அமெரிக்கத் தரநூலால் உறுதிப்பட்டது. வில்லியம் கஹான் அதன் ஆக்கத்தில் முதன்மையானவர். பையோ முடிவில்லாத இலக்கம் உடையது. 53 இருமத்துள் அடங்கும் எண்களுள் பைக்கு மிக அண்மையில் உள்ளதனையே மேத்.பை என்று வைத்துள்ளனர். அவ்வெண்ணைத் தசமத்தில் விரித்தால் 3.14159265358979311599… என வரும். மெய்யான பை 3.14159265358979323846… என்பது. முன்னது பின்னதினும் சிறிது குறைவு.

பைக்கு மிக அண்மையில் உள்ள ஒரு கோணத்தின் சைன், அக்கோணம் பைக்கு எவ்வளவு குறைகின்றதோ அவ்வளவே ஆகும். எனவே மேத்.பை என்னும் குறையெண்ணைச் சைன் சார்புக்கு அளித்தால், அச்சார்பு அக்குறையின் அளவையே விடையாகத் தருகின்றது. மேலே கூறிய விடையை மேத்.பையோடு கைக்கணக்காகக் கூட்டிப் பார்ப்பார், பையின் முப்பதுக்கு மேற்பட்ட இலக்கங்களைச் சரியாகக் காண்பர். சார்பு பிழைபடவில்லை, தனக்கு அளிக்கப்பட்ட எண் எதுவோ அதற்கு நேர்மையாக விடை கூறியது. ‘பை’ என்னும் பெயரைக் கண்டு அதன் பொருளும் பையே என நாம் துணிந்ததே பிழை. பெயர் வேறு, பெயரால் சுட்டப்படும் பொருள் வேறு என்பதனை இத்துணைத் தெளிவாகக் காட்டும் சான்று நாம் வேறு கண்டதில்லை.

இவ்வாறே பையின் பாதிக்குத் தாஞ்சென்ட் கணிதத்தில் இல்லை. பைதானோ 17 இலக்கம் உடைய ஒரு பேரெண்ணைத் தருகின்றது. பையின் கால்பகுதிக்கு 1 வரவேண்டிய இடத்தில் 0.9999999999999999 வருகின்றது. 2-இன் வர்க்கமூலத்தைத் தன்னாலேயே பெருக்கினால் 2.0000000000000004 வருகின்றது. ஆகவே விடை இன்ன எண்ணுக்குச் சமமா என்று நேர்முகமாக வினவுதல் ஆகாது. இன்ன எண்ணுக்கு அணித்தா என்றே வினவுதல் வேண்டும். அதற்கென ‘ஈஸ்குளோஸ்’ என்னும் சார்பினையும் 3.5ஆம் பதிப்பு தந்தது. இரண்டு எண்களின் வேற்றுமை, அவற்றுள் பெரியதன் நூறு கோடியில் ஒரு பங்குக்கு மேற்படாதாயின் அணித்து எனக் கொள்வது அதன் இயல்பான அளவை. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. மேலே கண்ட பையின் சைன் சுழிக்கு அணித்தா என இச்சார்பை வினவினால் ‘அன்று’ என்றே விடை வரும். சுழியல்லாத எவ்வெண்ணும், எத்துணைச் சிறியதாயினும், தன்னிலும் சிறிய பங்களவால் சுழியை எட்டாது. சுழியோடு ஒப்பிடுங்கால் எவ்வளவு வேற்றுமை பொறுக்கத்தக்கது என்பதனை ‘ஏபிஎஸ்_டால்’ என்னும் பெயரால் நாமே தனியே குறித்தல் வேண்டும்.

சைன் என்னும் சொல்லின் வரலாறு தமிழ் மாணவர் அறியத்தக்கது. வட்டத்தின் ஒரு பகுதியை வில் எனவும் அதன் இரு முனைகளையும் சேர்க்கும் நேர்கோட்டை நாண் எனவும் கூறுதல் நம் வழக்கு. வடமொழியாளரும் அவ்வாறே நாணைக் குறிக்கும் ‘ஜ்யா’, ‘ஜீவா’ என்னும் சொற்களை ஆண்டனர். ஆரியபடர் பாதி நாணின் அளவுகளைப் பயன்படுத்தினார். நாளடைவில் ‘பாதி’ என்னும் அடை வீழ, ‘ஜீவா’ என்பதே அரை நாணைக் குறிப்பதாயிற்று. அரபியர் அதனை ஒலியளவில் ‘ஜீபா’ என ஏற்றனர். அரபு எழுத்தில் உயிரொலிகள் பெரிதும் எழுதப்படாமையால், பின் வந்தோர் அதனை ‘ஜைப்’ என்று படித்தனர். அதற்கு மடிப்பு அல்லது மார்பிடம் என்பது பொருள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனத்தில் மொழிபெயர்த்தோர் அப்பொருளுடைய ‘சைனஸ்’ என்னும் சொல்லை இட்டனர். நாணாக இருந்தது படிப்போர் மயக்கத்தால் மடிப்பாயிற்று. கணிப்பொறியுள் மூன்றெழுத்தாகக் குறுகியது. துணைக்கோணத்தின் சைன் எனப் பொருள்படும் கோசைன் என்னும் பெயர் எட்மண்ட் கன்டர் 1620இல் ஆண்டதிலிருந்து தோன்றியது.

சைன் சார்புக்குக் கோணத்தை எவ்வளவையில் தருவது? பள்ளியில் பாகையில் பயின்றோர் மேத்.சின்(30) என்று எழுதி 0.5 வரும் என எதிர்பார்ப்பர், வருவதோ -0.9880316240928618. சார்பு ஏற்பது ரேடியன் அளவையே. வட்டத்தின் ஆரத்துக்குச் சமமான வில் மையத்தில் அமைக்கும் கோணம் ஒரு ரேடியன். ஜேம்ஸ் தாம்சன் என்பார் பெல்ஃபாஸ்ட் நகரில் 1873இல் தாம் ஆக்கிய தேர்வு வினாத்தாளில் இச்சொல்லை அச்சேற்றினார். மேத்.ரேடியன்ஸ்(30) என்று முதலில் மாற்றிப் பின் சைன் கண்டால் 0.49999999999999994 வரும். 0.5 என்று நேரே வாராமைக்குக் காரணம் மேலே கூறியதே. பாகையில் எழுதிய தவறு ஏன் அஞ்சத்தக்கது எனின், தவறான விடையும் -1-க்கும் 1-க்கும் இடைப்பட்டதாகவே வருகின்றது. கண்டவுடன் ஐயம் எழுவதில்லை.

எண்ணை முழுமையாக்கும் சார்புகள் எளியன போலத் தோன்றிப் பெரிதும் ஏமாற்றுவன. -2.5 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். ‘ஃப்ளோர்’ என்னும் தளச்சார்பு -3 தரும். ‘சீல்’ என்னும் கூரைச்சார்பு -2 தரும். தசமப் பகுதியை வெட்டியெறியும் ‘ட்ரங்க்’ -2 தரும். தளம், கூரை என்னும் பெயர்களையும் அவற்றின் குறியீடுகளையும் 1962இல் கென்னெத் ஐவர்சன் தம் நூலில் அமைத்தார்; நாம் கண்ட பெயர்களுள் மிக அழகியவை இவையே. தளம் எப்பொழுதும் கீழ்நோக்கும். கூரை எப்பொழுதும் மேல்நோக்கும். வெட்டுதல் சுழியை நோக்கும். அண்மை முழு எண்ணைத் தரும் ‘ரவுண்ட்’ என்பது மேத் தொகுதியுள் அடங்காது மொழியோடு இயல்பாகவே அமைந்தது. அது 2.5-க்கு 2-உம் 3.5-க்கு 4-உம் தரும். சரிபாதி வந்தால் இரட்டை எண்ணை நோக்குதல் அதன் மரபு. பாதி வந்தால் மேலே ஏற்றுக என்று பள்ளியிற் கற்ற விதியை இங்கே தேடுவார் ஏமாறுவர். அன்றியும் 2.675-ஐ ஈரிலக்கத்துக்குக் குறுக்கச் சொன்னால் 2.67 வரும், 2.675 என்று நாம் எழுதியது உள்ளே அதனினும் சிறிது குறைந்த எண்ணாக நிற்றலே காரணம்.

வெட்டுதலுக்கும் அண்மையாக்கலுக்கும் வேற்றுமை சிறிதென்று எண்ணுவார்க்குக் கானடா நாட்டு வான்கூவர் பங்குச் சந்தையின் வரலாறு விடை கூறும். 1982 ஜனவரியில் அச்சந்தையார் ஒரு விலைக்குறியெண்ணை 1000 என்று வைத்துத் தொடங்கினர். ஒவ்வொரு வாணிகமும் நிகழுந்தோறும் அவ்வெண் புதிதாகக் கணிக்கப்பட்டு மூன்று தசம இலக்கத்தில் நிறுத்தப்பட்டது. நான்காம் இலக்கம் முதலியவற்றை அண்மை நோக்கிக் குறுக்காது வெட்டியே எறிந்தனர். ஒருமுறைக்கு இழப்பு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் நாள்தோறும் பல்லாயிரம் முறை அது கீழ்நோக்கியே நிகழ்ந்தது. 1983 நவம்பரில் குறியெண் 524.811 என்று நின்றது. பிழையை உணர்ந்து திருத்தியபோது உண்மை மதிப்பு 1098.892 எனத் தெரிந்தது. ஏறிநின்ற சந்தை ஏறத்தாழ இரண்டாண்டு வீழ்ந்ததாகவே தோன்றிற்று.

சிறுபிழை பன்முறை கூடுதலால் உயிர்கள் மாய்ந்ததும் உண்டு. 1991 பிப்ரவரி 25ஆம் நாள் சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் அமெரிக்கப் படையினரின் பேட்ரியாட் காவற்கருவி, வந்த ஏவுகணையை எதிர்கொள்ளத் தவறியது. 28 வீரர் மாண்டனர். அக்கருவி காலத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணியது. பத்தில் ஒன்று என்பது தசமத்தில் முடிவது, இருமத்தில் முடிவில்லாதது. 24 இருமத்துள் அதனை வெட்டி நிறுத்தியமையால், ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஏறத்தாழ 0.000000095 வினாடி குறைந்தது. 100 மணி நேரம் ஓயாது ஓடிய பின் குறை ஏறத்தாழ 0.34 வினாடியாகப் பெருகியது. அந்நேரத்துள் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் செல்லும். பைதானிலும் 0.1 என்பதனைப் பத்து முறை ஒவ்வொன்றாகக் கூட்டினால் 1 வாராது 0.9999999999999999 வரும். இடையிலே இழக்கும் துகள்களையெல்லாம் காத்துவைத்துக் கூட்டும் ‘எஃப்சம்’ என்னும் சார்பு சரியாக 1.0 தரும். நெடுந்தொகைகளைக் கூட்டுவார் அதனை மறத்தல் கூடாது.

மடக்கைக்கு வருவோம், முன்னே கூறிய தவறு இங்கேதான் நிகழ்ந்தது. மேத்.லாக் என்னும் சார்பு அடி இன்னதெனக் குறியாதவிடத்து ‘இ’ என்பதனை அடியாகக் கொண்ட இயல்மடக்கையைத் தரும். பத்தடி மடக்கைக்கு ‘லாக்10’, ஈரடி மடக்கைக்கு ‘லாக்2’ எனத் தனிச்சார்புகள் உள. பள்ளியில் மடக்கை அட்டவணை கொண்டு பயின்றோர்க்கு லாக் என்றால் பத்தடியே நினைவுக்கு வரும். 1948இல் கிளாட் ஷானன் வகுத்த செய்தியளவைக் கொள்கையிலோ ஈரடி மடக்கையே வழக்கு. அதனால் வரும் அளவுக்குப் பிட் என்பது பெயர். ஒரு நூலில் ஒவ்வோர் எழுத்தும் வரும் விகிதத்தை அவ்விகிதத்தின் மடக்கையாற் பெருக்கிக் கூட்டிக் குறியை மாற்றினால், அந்நூலில் எழுத்தொன்றுக்கு எவ்வளவு செய்தியுண்டு என்பது பெறப்படும். சான்றாக, உயிரும் மெய்யுமாகிய 30 எழுத்துக்களும் ஒத்த அளவில் வருமாயின் எழுத்தொன்றுக்கு 4.907 பிட் ஆகும். 247 எழுத்துக்களும் அவ்வாறு வருமாயின் 7.948 பிட் ஆகும். மெய்யான நூலில் எழுத்துக்கள் ஒத்த அளவில் வாராமையின் அளவு இதனினும் குறையும்.

சில ஆண்டுகட்கு முன் ஆய்வேடு ஒன்றினை மதிப்பிடும் கடமை நமக்கு நேர்ந்தது. பழைய நூலொன்றின் எழுத்துப் பயிற்சியை உழைத்து எண்ணிய அம்மாணவர், செய்தியளவையைக் கண்டு, ஆங்கிலத்துக்கு அச்சான அளவோடு ஒப்பிட்டிருந்தார். தமிழ் எழுத்தின் செறிவு எதிர்பார்த்ததனினும் ஏறத்தாழப் பத்தில் மூன்று பங்கு குறைவு என்பது அவர் முடிபு. அதற்குக் காரணமாகத் தமிழின் மெய்ம்மயக்க விதிகளையும் மொழியிறுதி எழுத்தின் வரையறையையும் காட்டிப் பல பக்கம் எழுதியிருந்தார். காரணங்கள் தம்மளவில் செவ்வையானவையே. ஆயின் அவ்விடைவெளி நம்மை உறுத்தியது. 2-இன் இயல்மடக்கை 0.693. ஈரடி மடக்கை வேண்டிய இடத்தில் இயல்மடக்கையை இட்டால் விடை எந்நூலுக்கும் 0.693 மடங்காகவே சுருங்கும். அஃதாவது பத்தில் மூன்று பங்கு குறையும். நிரலைத் தருவித்துப் பார்த்தோம், மேத்.லாக் என்றே இருந்தது. 30 எழுத்துக்கு அவர் கண்ட உச்ச அளவு 3.401 என அடிக்குறிப்பிலும் கிடந்தது. ஓரிடத்தில் ‘2’ என்னும் ஓரிலக்கத்தைச் சேர்த்து மீண்டும் ஓட்டியபோது தமிழுக்கு ஏற்றிய குறை நீங்கிற்று. இலக்கண விளக்கம் பல பக்கமும் விளக்குதற்குப் பொருளின்றி நின்றது. மாணவர் அதனை ஏற்று அவ்வியலை மாற்றி எழுதினார். எண்ணியது பிழையன்று, சொல்லின் பொருளைக் கொண்டது பிழை.

அடியைத் தாமே குறிக்கும் வழியும் உண்டு: மேத்.லாக்(1000, 10) எனலாம். ஆயின் அதற்கு 3 வாராது 2.9999999999999996 வரும். இரண்டு இயல்மடக்கைகளை வகுத்து விடை காணுதலால் நேர்வது அது. மேத்.லாக்10(1000) என்றால் 3.0 வரும். தனிச்சார்பு உள்ளவிடத்து அதனையே கொள்க. நூலில் ஒருமுறையும் வாராத எழுத்தின் விகிதம் சுழி. சுழிக்கு மடக்கை இல்லை. மேத்.லாக்(0) என்று எழுதினால் பைதான் பிழை அறிவித்து நின்றுவிடும். எழுத்துப் பயிற்சியை எண்ணுவார் பெரும்பாலோர் இதனை எதிர்ப்பட்டே தீர்வர். வாரா எழுத்தைக் கூட்டலில் விட்டுவிடுதலே முறை. விகிதம் சுழியை நெருங்குந்தோறும் பெருக்குத்தொகையும் சுழியை நெருங்குதலின் அது குற்றமாகாது.

குறையெண்ணின் வர்க்கமூலத்தை வினவினாலும் மேத் தொகுதி இவ்வாறே பிழை கூறும். கற்பனை எண்ணையும் ஏற்கவேண்டின் ‘சிமேத்’ என்னும் உடன்தொகுதியை நாடுதல் வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் அவ்விடத்து நில்லாது ‘எண்ணல்லாதது’ என்னும் மாறிலியைத் தந்து மேற்செல்லும். அம்மாறிலி தனக்குத் தானே சமமன்று. பின்வரும் கணக்கிலெல்லாம் கலந்து அவற்றையும் பெரும்பாலும் தன்வண்ணமாக்கும். கர்ணத்தைத் தரும் ‘ஹைபாட்’ என்பதும் குறிக்கத்தக்கது. பக்கங்கள் 200 சுழிகளை உடைய பேரெண்களாயினும் அது விடை தரும். நாமே வர்க்கம் கண்டு கூட்டி மூலம் காணப் புகின், கணிப்பொறி தாங்கும் எல்லையாகிய 309 இலக்க அளவைக் கடந்து முடிவிலியில் முடியும்.

இறுதியாக ஒன்று. பைதானின் மேத் தொகுதி பெரும்பாலும் தானே கணிப்பதில்லை; தான் இயங்கும் பொறியில் உள்ள சி மொழி நூலகத்திடம் வினாவை ஒப்படைத்து விடையை வாங்கித் தருகின்றது. ஆகவே ஒரே நிரல் இருவேறு பொறிகளில் கடைசி இலக்கத்தில் வேறுபட்ட விடை தருதல் கூடும். ஆய்வேட்டில் 16 இலக்கமும் எழுதி அச்சிடுவார் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. எழுத்துப் பயிற்சிக் கணக்குக்கு மூன்று இலக்கம் போதும். அதனோடு எவ்வடி மடக்கை, எம்மொழியின் எப்பதிப்பு என்பனவற்றையும் ஒரு வரியில் குறித்துவிட்டால், மதிப்பிடுவோர் நிரலைத் தருவித்துத் தேடும் வேலை குறையும்.